புரூக்லண்ட்ஸ் முதல் பெண்டைன் வரை: விமான இன்ஜின் கார்களைத் தேடி

விமானத்துக்காகச் செய்த இன்ஜினைப் பொருத்தி ஓட்டிய பழைய கார்களைத் தேடிப் போன பயணம் இது. லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறினால் வெய்பிரிட்ஜ் அதிக தூரமில்லை. அங்கே இறங்கி நடந்தே புரூக்லண்ட்ஸ் போய்விடலாம். ஹியூ லாக் கிங் என்பவர் தன் சொந்த நிலத்தில், சொந்தப் பணத்தைப் போட்டு 1907-இல் கட்டிய ரேஸ் டிராக் அது. 1939-க்குப் பிறகு அங்கே ரேஸ் கிடையாது. ஆனால் சரிந்தேறும் கான்கிரீட் வளைவில் ஒரு பகுதி இன்னும் மிச்சமிருக்கிறது, ஏறி நடந்து பார்க்கலாம். கீழே சமதளம்போல் இருப்பது மேலே போகப் போகச் செங்குத்தாகிறது. கான்கிரீட்டும் வழவழப்பாக இல்லை. ஒவ்வொரு பலகைக்கும் நடுவே விரிசல், மேடு, பள்ளம். இந்தச் சரிவில் ஒரு தடவை நடந்துவிட்டுத்தான் அங்குள்ள அருங்காட்சியகத்துக்குள் போய் நேப்பியர்-ரெயில்டன் காரைப் பார்க்க வேண்டும் என்பேன்.

1933-இல் ஜான் காப் என்ற ஓட்டுநருக்காக ரீட் ரெயில்டன் வடிவமைத்த கார் அது. உள்ளே இருப்பது நேப்பியர் லயன் விமான இன்ஜின். பன்னிரண்டு சிலிண்டர், ஏறத்தாழ 24 லிட்டர், 580 குதிரைத்திறன். சிலிண்டர்கள் நான்கு நான்காக மூன்று வரிசையில் நிற்கின்றன. ஒரு வரிசை நேராக, மற்ற இரண்டும் இருபக்கமும் சாய்ந்து. அதனால் இவ்வளவு பெரிய இன்ஜின் நீளத்தில் நான்கு சிலிண்டர் அளவோடு முடிந்துவிடுகிறது. காப் இந்தக் காரில் 1935-இல் மணிக்கு 143.44 மைல் (சுமார் 231 கி.மீ.) சராசரியில் ஒரு சுற்று ஓட்டினார். டிராக் மூடப்படும்வரை அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை. நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பி நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. அந்த மேடு பள்ளத்தில் நடந்துவிட்டு வந்தவருக்கு அதைப் பார்த்து ஆச்சரியம் வராது, பயம்தான் வரும்.

நான் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்த வயதான தன்னார்வலர் ஒருவர், "முன்சக்கரத்தைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார். குனிந்து பார்த்தேன். அச்சு, ஸ்பிரிங், சக்கரம். அவ்வளவுதான். பிரேக் இல்லை! சுமார் இரண்டு டன் எடையுள்ள காருக்கு அந்தக் காலத்தில் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். கியரும் மூன்றே மூன்று. அதற்கு மேல் தேவைப்படவில்லை என்பதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அந்தக் கார் தன்னுடையது என்பதுபோல ஒரு பெருமை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானங்களை நிறுத்தும் பாராசூட்டுகளைச் சோதிக்க இதே காரைப் பயன்படுத்தினார்கள் என்ற தகவலும் அவரிடம் கேட்டதுதான்.

அதற்குப் பிறகு இந்தப் பயணத்தில் நான் பார்த்ததெல்லாம் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பவற்றைத்தான். விமான இன்ஜின் கார் என்றாலே எல்லோரும் லிட்டரையும் குதிரைத்திறனையும் பேசுவார்கள். ஆனால் இன்ஜின் ரெடிமேடாக வந்துவிடுகிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் உபரி விமான இன்ஜின்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அதைத் தரையில் ஓடவைத்தவர்களின் மூளைதான் என்னைக் கட்டிப்போடுகிறது.

ஏன் அது கடினம்? புரொப்பல்லரின் முனை ஒலியின் வேகத்தை நெருங்கினால் அதன் திறன் விழுந்துவிடும். அதனால் விமான இன்ஜினை வேகமாகச் சுழலவிடாமல், பெரிய சிலிண்டர்களை வைத்துக் குறைந்த சுற்றில் சக்தி எடுக்கிறார்கள். நேப்பியர்-ரெயில்டன் முழு வீச்சில் ஓடும்போதும் நிமிடத்துக்கு 2,600 சுற்றுக்குள்தான். அந்தக் குறைந்த சுற்றிலேயே பயங்கரமான முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருப்பும் வலு, வந்துவிடும். புரொப்பல்லரைச் சுழற்றும்போது அது பிரச்சினையே இல்லை. காற்று விட்டுக்கொடுக்கும், கிளட்சும் வேண்டாம், கியர் மாற்றவும் வேண்டாம். தரை அப்படி விட்டுக்கொடுக்காது. கிளட்ச், கியர்பாக்ஸ், அச்சு, டயர் என்று வரிசையில் எது பலவீனமோ அது உடையும். கூலிங் இன்னொரு தலைவலி. பறக்கும்போது குளிர்காற்று ஓயாமல் அடிக்கும், நிற்கிற காரில் அது ஏது?

இதற்கான விடைகளைப் பார்க்க வேண்டுமென்றால் நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள் இருக்கும் பியூலி மோட்டார் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். பிராக்கன்ஹர்ஸ்ட் வரை ரயில், அங்கிருந்து சாலை. வழியெல்லாம் குட்டை இனக் குதிரைகள் சுதந்திரமாகத் திரிகின்றன.

அங்கே சிவப்பு நிறத்தில் சன்பீம் 1000 எச்.பி. (எச்.பி. என்றால் குதிரைத்திறன்) என்ற கார் நிற்கிறது. 1927 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் டேடோனா கடற்கரையில் ஹென்றி சீக்ரேவ் இதில் மணிக்கு 203.79 மைல் (சுமார் 328 கி.மீ.) எட்டினார். 200 மைலைத் தாண்டிய முதல் கார் இதுதான். தலா 22.4 லிட்டரில் இரண்டு சன்பீம் மேட்டபிலி விமான இன்ஜின்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் ஓட்டுநர். பெயரில் ஆயிரம் இருந்தாலும் நிஜத்தில் சுமார் 900 குதிரைத்திறன்தான். ஸ்டார்ட் செய்யும் முறை அபாரமானது. அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி முதலில் பின் இன்ஜினை எழுப்புவார்கள். அது ஓடத் தொடங்கியதும் உராய்வு கிளட்ச் வழியாக முன் இன்ஜினைச் சுழற்றிவிடும். இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்ததும் பல்லோடு பல் கோத்துக்கொள்ளும் கிளட்ச் போட்டு ஒன்றோடொன்று பூட்டிவிடுவார்கள். இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு. பின்சக்கரத்துக்குச் சக்தி போவது சங்கிலியில். நாற்பத்தைந்து லிட்டர் இன்ஜினும் கடைசியில் இரண்டு சங்கிலிகளை நம்பித்தான் ஓடியிருக்கிறது.

அதே கூடத்தில் கோல்டன் ஆரோவும் இருக்கிறது. 1929-இல் அதே டேடோனாவில் மணிக்கு 231.45 மைல் எட்டிய கார், நேப்பியர்-ரெயில்டனைப் போல இதிலும் லயன் இன்ஜின்தான். சூட்டைத் தணிக்க உள்ளே ஐஸ் பெட்டி வைத்திருந்தார்கள். நேர்கோடு தவறாமல் ஓட்ட, மூக்கின் மேல் துப்பாக்கிக்கு இருப்பதுபோல் ஒரு குறிபார்க்கும் கருவி. அழகில் மற்ற எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. ஆனாலும் நான் அதிக நேரம் நின்றது சன்பீமிடம்தான்.

அப்புறம் வேல்ஸ். கார்மார்தன் தாண்டி பெண்டைன் கடற்கரை. ஏழு மைல் நீளத்துக்கு இறுகிய மணல். ஒரு பகுதி ராணுவத்தின் சோதனைத் தளம் என்பதால் எல்லா இடத்துக்கும் போக முடியாது. இங்கே 1926 ஏப்ரலில் ஜே.ஜி. பேரி-தாமஸ் 'பாப்ஸ்' என்ற காரில் மணிக்கு 171.02 மைல் எட்டி, தரையில் உலக வேகச் சாதனை படைத்தார். அமெரிக்காவின் 27 லிட்டர் லிபர்ட்டி விமான இன்ஜின், ஜெர்மனியின் பழைய பென்ஸ் ரேஸ் காரின் கியர்பாக்ஸ், அதிலிருந்து பின்சக்கரத்துக்குச் சங்கிலி. போரில் எதிரெதிரே நின்ற இரண்டு நாடுகளின் இரும்பு ஒரே சட்டத்தில்! அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மால்கம் கேம்பெல் இதே மணலில் அந்தச் சாதனையை முறியடித்தார். அதைத் திரும்பப் பிடிக்க வந்த பேரி-தாமஸ் 1927 மார்ச் 3 அன்று இங்கேயே கார் கவிழ்ந்து இறந்தார். சங்கிலி அறுந்ததுதான் காரணம் என்று நெடுங்காலம் பேசினார்கள். பின்சக்கரம் உடைந்திருக்கலாம் என்று பின்னால் வேறு சிலர் சொன்னார்கள்.

காரை அந்த மணல்மேட்டிலேயே புதைத்துவிட்டார்கள். 1969-இல் ஓவன் வின் ஓவன் என்ற பொறியியல் ஆசிரியர் அனுமதி வாங்கித் தோண்டி எடுத்து, பல ஆண்டு உழைத்து மீண்டும் ஓடவைத்தார். நாற்பத்திரண்டு ஆண்டு உப்பு மணலில் கிடந்த இரும்பு அது. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. கடற்கரைப் பக்கத்து அருங்காட்சியகத்தில் பாப்ஸைப் பார்க்கலாம். ஆனால் வருடம் முழுக்க அங்கேயே இருக்காது, விசாரித்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. நேப்பியர்-ரெயில்டனை வரைந்த ரீட் ரெயில்டன், பேரி-தாமஸின் உதவியாளராக இருந்தவர். அதைக் கட்டிய தாம்சன் அண்ட் டெய்லர் பட்டறையும் பேரி-தாமஸ் விட்டுச்சென்ற பட்டறையிலிருந்து வளர்ந்ததுதான். பாப்ஸ் கவிழ்ந்து ஆறு ஆண்டு கழித்து அவர்கள் செய்த காரில் சங்கிலி கிடையாது. இது தெரிந்தபின் புரூக்லண்ட்ஸுக்குத் திரும்பிப் போய் அந்தப் பின் அச்சை ஒரு தடவை சரியாகப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

அதற்கு முன் ஜெர்மனி. சின்ஸ்ஹைம் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் 'புரூட்டஸ்' இருக்கிறது, 46.9 லிட்டர் பி.எம்.டபிள்யூ விமான இன்ஜினும் சங்கிலியும் கொண்ட ராட்சசன். விசேஷ நாட்களில் அதை ஓட்டிக் காட்டுகிறார்கள். அப்படி ஒரு நாளாகப் பார்த்துத்தான் போகப்போகிறேன். நின்ற இடத்திலிருந்து அது எப்படிக் கிளம்புகிறது, ஓட்டுநர் கிளட்சை எப்படி விடுகிறார் என்பதை நேரில் பார்க்க வேண்டும்.