எவடம்?

பத்தாம் வகுப்பில் எங்கள் புவியியல் ஆசிரியர் உலகப் படத்தைத் தொங்கவிட்டு, கனடா குடிவந்தவர்களின் நாடு என்று சொன்னார். இரண்டு தலைமுறை போனால் எல்லாரும் கனடியர்தானே என்று அப்போது நினைத்துக்கொண்டேன். 1987இல் ரொறன்ரோவுக்கு வந்து ஒரு பேக்கரியில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். என்னோடு மாக் குழைத்தவர் இங்கேயே பிறந்தவர், இத்தாலியைக் கண்ணால் கண்டதில்லை, ஆனால் எந்த இடம் என்று கேட்டால் தென் இத்தாலியில் இருக்கும் கலாபிரியா என்பார், அதுவும் தகப்பனுடைய மலைக் கிராமத்தின் பெயரோடு சேர்த்து.

செப்டெம்பரில் அவர் வீட்டு கராஜில் கூடை கூடையாகத் தக்காளி வந்து இறங்கும். மூன்று தலைமுறையும் நின்று பிழிந்து போத்தலில் ஊற்றுவார்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் எங்கள் துளசி போல ஒரு இலை, பிறகு மூடி இறுக்கி பெரிய டிரம்மில் அவிப்பார்கள். எங்கள் கராஜில் அம்மா மிளகாயும் மல்லியும் வறுக்கிற நாள் எனக்கு நினைவுக்கு வரும், அதே வேர்வை, அதே சத்தம்.

1940 ஜூனில் இத்தாலியை ஆண்ட முசோலினி இரண்டாம் உலகப் போரில் கனடாவின் எதிர்ப்பக்கத்தில் இறங்கியதும், இங்கே இருந்த இத்தாலியரில் ஏறக்குறைய 31,000 பேரை எதிரி நாட்டார் என்று பதிந்தார்கள், சுமார் 600 பேரை முகாமில் அடைத்தார்கள். அவருடைய தகப்பனும் மாதாமாதம் போய்க் கையெழுத்து வைத்தவராம். அதற்குப் பிறகு மனிசன் தெருவில் இத்தாலியன் பேசவே இல்லை. மகனுக்கு வந்த பிடிவாதம் அங்கிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். 2006இல் இத்தாலி உலகக் கிண்ணம் வென்ற அன்று செயின்ட் கிளேர் தெருவில் கொடியைப் போர்த்துக்கொண்டு அழுதார்.

ஊரில் ‘ஆற்றை பிள்ளை’, அதாவது யாருடைய பிள்ளை, என்று கேட்டால் பதில் அடுத்த ஒழுங்கையில் இருக்கும். இங்கே பக்கத்து வீட்டாருக்கு என் பாட்டனைத் தெரியாது, எனக்கு அவர்களுடைய பாட்டனைத் தெரியாது. கனடியன் என்பது கடவுச்சீட்டுக்குப் போதும், அந்தக் கேள்விக்குப் போதாது. குடிசன மதிப்பீட்டின் நீண்ட படிவம்கூட முன்னோர் யார் என்று கேட்கிறது. (முதற்குடி மக்களின் கதை வேறு, அவர்களுடைய பாட்டன் இந்த மண்ணிலேயே இருக்கிறான்.)

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவரின் போன வருட ஒன்றுகூடலில் ஒரு மூத்த மாணவர் என் மகளிடம் எந்த ஊர் பிள்ளை என்று கேட்டார். ஸ்காபரோவில் பிறந்தவள், யோசிக்காமல் யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயரை, கரவெட்டி என்றாள். அவர் முகம் மலர்ந்து, “கரவெட்டியில் எவடம், கிழக்கோ மேற்கோ?” என்று அடுத்த கேள்வியைப் போட்டார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.