அமன்காயெஸ்: தொட்டியில் ஒரு பருவம்

பெரு நாட்டின் லீமா கடலோரப் பாலைவனத்தில் மழை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அங்கே ஜூன் வாக்கில் வரும் குளிர்காலத்தில் கடலிலிருந்து ஏறிவரும் பனிமூட்டம் குன்றுச் சரிவை நனைக்கும். அந்த ஈரத்தை நம்பித்தான் இஸ்மேனே அமன்காயெஸ் என்ற மஞ்சள் பூச்செடி தலைகாட்டுகிறது; மற்ற மாதங்களில் மண்ணுக்குள் வெறும் கிழங்கு. ஜூன் 24, சான் ஹுவான் திருநாளில் இந்தப் பூவுக்காகவே ஊர் திரண்ட, லீமாவின் ரீமாக் பகுதிச் சமவெளியில் இன்று வீடுகள்தான். சரிவில் மிஞ்சியதைத் தோண்ட வேண்டாம், விதையே போதும்.

மண்: பியூமிஸ் கல் (நுண்துளைகள் கொண்ட எரிமலைக் கல்) 2 பங்கு, கழுவிய பருமணல் 1, இலைமக்கு அரைப் பங்கு. கடல் மணலில் உப்பு இருக்கும், தொடக்கூடாது. 20 செ.மீ. ஆழமுள்ள மண்தொட்டி, கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில்.

மே: தண்ணீர் இல்லை. கிழங்கு போவது பெரும்பாலும் இந்த மாதத்தில்தான். எழுப்பிவிடலாம் என்று ஊற்றினால், உறிஞ்ச வேர் ஓடாத நேரத்தில் ஈரம் கிழங்கின் அடித்தட்டிலேயே (வேர் கிளம்பும் அடிப்பகுதி) தங்கி அழுகும்.

ஜூன்: பச்சை நுனி தெரிந்ததும் ஓரமாக ஒரு டம்ளர். அடுத்தது, விரல்முட்டி ஆழம் காய்ந்த பிறகு. இடையில் காலையில் மெல்லிய தெளிப்பு. இலையடுக்கில் நீர் தேங்கவிடக் கூடாது. இலையில் செம்புள்ளி வந்தால் பூஞ்சை. அந்த இலையை வெட்டிவிட்டு, தெளிப்பை நிறுத்தி, காற்றோட்டம் கொடுக்க வேண்டும்.

பூத்ததும் பூவின் நடுவிலுள்ள கிண்ணத்துக்குள் பார்க்கவும்: அடர்மஞ்சளில் பச்சைக் கோடுகள், மகரந்தக் காம்புகள் உள்நோக்கி வளைந்து நிற்கும். வெளிர்மஞ்சள் என்றால் 'சல்ஃபர் குயீன்' கலப்பினமாக இருக்கலாம். கடைகளில் எளிதாகக் கிடைப்பது அதுதான். அழகுதான், ஆனால் அமன்காயெஸ் அல்ல.

விதை பச்சையாக, சதைப்பற்றோடு இருக்கும். காயவைத்து உறையில் போட்டால் வீண். முற்றி உதிர்ந்ததும் மணல்மேல் பாதி புதையும்படி அழுத்தி, மணலை லேசான ஈரத்தில் வைத்தால் போதும். வேர் முதலில் இறங்கும், அடியில் சிறு கிழங்கு திரளும். இலை வரத் தாமதமானால் விதை செத்துவிட்டதென்று கிளறிப் பார்ப்பது பெரிய தப்பு. பூவுக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இலை இருக்கும்வரை, 15 நாளுக்கு ஒருமுறை, பொட்டாஷ் மிகுந்த உரம் பாதி அளவில். தழைச்சத்து கூடினால் இலை கொழுக்கும், கிழங்கு இளகும்.

இலை மஞ்சளானதும் தண்ணீர் நிறுத்தம். பச்சை இருக்கையில் வெட்டக் கூடாது. பிறகு தொட்டி கூரைக்கடியில். ஜனவரியில் ஒரு கிழங்கை மட்டும் எடுத்து அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்தவும்: கெட்டியாக இருந்தால் நலம். காய்ந்த தோலுக்கடியில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. தோலை உரித்து, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்தித் திரும்பக் காய்ந்த மண்ணிலேயே வைக்கவும்.