லெப்டினன்ட் அம்மாவின் குதிகால்

ஜூலை 14, 2024, ஞாயிறு

டூட்டி முடிந்து பாப்பாரப்பட்டி போய் அந்த அம்மாவுக்கு டிரெஸ்ஸிங் செய்தேன். 76 வயது. இடது குதிகாலில் சர்க்கரைப் புண், ஐந்து ரூபாய் நாணயம் அகலம். அவசரத்தில் கணுக்காலில் இருந்து பேண்டேஜைச் சுற்ற ஆரம்பித்தேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"விரல் பக்கத்துல ஆரம்பிச்சு மேல கொண்டு போ கண்ணு. ரத்தம் மேல ஏறணும். விரல் நுனியை மூடிடாத, நிறம் பாக்கணும்."

பத்து வருஷமாகக் கட்டுப் போடுகிறேன், எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அவிழ்த்து முதலில் இருந்து சுற்றினேன். எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "பட்டாளத்துல" என்றார்.

ஜூலை 16

கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயர், அதற்கு முன்னால் லெப்டினன்ட் என்று ஆங்கிலத்தில். ராணுவ நர்ஸ்கள் கமிஷன் பெற்ற அதிகாரிகள். 1943-லேயே அதற்கு அவசரச் சட்டம் போட்டுவிட்டார்கள். லீவில் அந்தப் பெட்டியோடு தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், "வீட்டுக்காரர் பட்டாளத்துல இருக்காரா?" என்றுதான் கேட்பார்களாம். அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. இதைச் சொல்லும்போது அம்மா சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 19

இன்று அம்மா பேசியது 1971 பற்றி. பாகிஸ்தானுடன் போர் டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் முடிந்தது. பதின்மூன்று நாள் போர் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் எனக்குத் தெரியும். கல்கத்தா ராணுவ மருத்துவமனையில் இருந்த அம்மாவுக்கு அது டிசம்பரோடு முடியவில்லை. கண்ணிவெடியில் கால் போனவர்கள் வார்டு வார்டாகக் கிடந்தார்கள். புண் ஆறியதும் செயற்கைக் காலுக்குப் புனே அனுப்ப வேண்டும்.

அதில் ஒரு தமிழ்ப் பையன். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ராத்திரியில், "சிஸ்டர், கட்டை விரல் அரிக்குது, சொறிஞ்சு விடுங்க" என்பானாம். இல்லாத விரல். அம்மா போர்வைக்குள் கையை விட்டு, வெறும் மெத்தையைச் சொறிவார். "இப்ப சரியாயிடுச்சு" என்று தூங்கிவிடுவான்.

ஊருக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னான். 'காலில் சின்னக் காயம், பொங்கலுக்கு வருவேன்' என்று அவன் சொல்லச் சொல்ல அம்மா எழுதினார். "தெரிஞ்சே பொய் எழுதினேன் கண்ணு. அவங்க அம்மா எப்படிப் படிச்சிருப்பாங்களோ." அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சலைன் ஊற்றிப் புண்ணைக் கழுவினேன்.

ஜூலை 23

சுப்பிரமணிய சிவா நினைவு நாள். 1925-இல் இதே பாப்பாரப்பட்டியில்தான் காலமானார். சிறையில் தொழுநோய் வந்து, ரயிலில் ஏறக்கூடாது என்று தடை போட்டதால் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போனவர். மணிமண்டபம் பக்கம் போய்விட்டு வந்தேன் என்றதும் அம்மா கேட்டார்: "அவர் புண்ணை யார் கழுவி விட்டாங்களோ?" இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை.

கேப்டன் லட்சுமி மறைந்ததும் இதே ஜூலை 23, 2012-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-இல் எம்.பி.பி.எஸ். முடித்தவர். சிங்கப்பூரில் கூலித் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர், 1943-இல் நேதாஜியின் ராணுவத்தில் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர் அதில் சேர்ந்தார்கள். நர்ஸ் பிரிவும் இருந்தது. கேப்டன் பெயராவது நிற்கிறது. அந்தப் பெண்களில் ஒருத்தி பெயரைச் சொல் என்றால் என்னால் முடியாது. இதுதான் என்னை உறுத்துகிறது.

வங்கதேச அகதிகளுக்கு மருத்துவ உதவி செய்ய 1971-இல் லட்சுமியும் கல்கத்தா வந்திருக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். "அதே ஊர்லயா? பாத்திருந்தா சல்யூட் அடிச்சிருப்பேனே" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

புண் ஓரம் சிவப்பாகச் சதை பிடித்திருக்கிறது. அடுத்த கட்டு வெள்ளிக்கிழமை. நாலு இஞ்ச் ரோலர் பேண்டேஜ் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.