மூணாவது கட்டடத் தொழிலாளர் தெரு, 25ஆம் நம்பர், 12ஆவது வீடு

எங்க பெரியம்மா பொண்ணு ரஷ்யால எம்பிபிஎஸ் படிச்சுட்டு வந்தவ. திரும்பி வந்து இத்தன வருஷம் ஆகியும் டிசம்பர் 31 ராத்திரி ஆனா போதும், யூடியூப்ல மோஸ்ஃபிலிம்ங்கற ரஷ்ய சினிமா கம்பெனியோட சேனலத் தொறந்து ஒரு படத்தப் போட்டு உக்காந்துடுவா, வீட்ல யாரு என்ன சொன்னாலும் எந்திரிக்க மாட்டா. முதல் வருஷம் நானும் கூட உக்காந்தேன். மூணு மணி நேரப் படம், பாதி நேரம் ஒரே ஒரு ரூமுக்குள்ளயே பேசிட்டு இருக்காங்க, இருபதாவது நிமிஷம் நான் மெதுவா நழுவப் பாத்தேன். "உக்காருடி, அவன் குளிச்சு முடிக்கட்டும், அப்புறம் நீயே எந்திரிக்க மாட்ட"ன்னு கையப் பிடிச்சு உக்கார வச்சா அக்கா. அன்னிக்கு ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் ரஷ்யக் காதல் காமெடின்னா தேடிப் பிடிச்சுப் பாக்குறேன், இத பத்தி ஒரு தடவயாவது எழுதிடணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன்.

அந்தப் படம் எல்தார் ரியஸானோவ் எடுத்த 'விதியின் விளையாட்டு'. ரஷ்யத் தலைப்புல இதுக்குப் பின்னாடி இன்னொரு பாதி உண்டு, குளியல் முடிச்சு வர்றவங்கள அங்க எப்படி வாழ்த்துவாங்களோ அந்த வார்த்த. 1976 ஜனவரி 1ஆம் தேதி சோவியத் டிவில முதல் தடவயா போட்டாங்க, அதுலேர்ந்து அங்க புத்தாண்டுன்னா இந்தப் படமும் பண்டிகை சாப்பாட்டோட ஒரு பதார்த்தம் மாதிரி ஆயிடுச்சு.

கதை இதுதான். மாஸ்கோல ஷென்யான்னு ஒரு சர்ஜன், 31ஆம் தேதி நண்பர்களோட நீராவிக் குளியலுக்குப் போறான், வருஷா வருஷம் போற வழக்கம். அங்க எல்லாரும் அளவு தெரியாம குடிச்சுடுறாங்க. அவங்கள்ல ஒருத்தன் லெனின்கிராடுக்கு (இன்னிக்கு பீட்டர்ஸ்பர்க்) ஃபிளைட் பிடிக்கணும், ஆனா யாருன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல, தப்பா ஷென்யாவத் தூக்கி ஏத்தி விட்டுடுறாங்க. லெனின்கிராட்ல இறங்கினவனுக்கு தான் மாஸ்கோலதான் இருக்கோம்னு நெனப்பு, டாக்ஸில ஏறி தன் வீட்டு அட்ரஸ் சொல்றான், மேல தலைப்புல போட்டுருக்கேனே அதான். அந்த ஊர்லயும் அதே பேர்ல தெரு இருக்கு, அதே மாதிரி பில்டிங், அதே மாதிரி கதவு, சாவி கூட பொருந்திடுது! உள்ள போய் படுத்துத் தூங்கிடுறான். அப்புறம் அந்த வீட்ல குடியிருக்கற நாத்யா வர்றா, அவளக் கல்யாணம் பண்ணிக்கப் போற இப்போலித்தும் வர்றான். கேக்க நம்புற மாதிரி இல்லன்னு தோணும், ஆனா அந்தக் காலத்துல சோவியத் பூரா ஒரே வரைபடத்துல லட்சக்கணக்குல அடுக்குமாடி வீடு கட்டித் தள்ளிட்டு இருந்தாங்க, பாத்தவங்களுக்கு இது தன் வீட்டுக் கதைதான். படத்துல வர்ற ரெண்டு ஊர் பில்டிங்கும் நிஜத்துல மாஸ்கோல ஒரே ரோட்டுல, வெர்னாட்ஸ்கி அவென்யூல இருக்கறதுதான்.

ஷென்யாவா நடிச்சவர் ஆந்த்ரேய் மியாக்கோவ், நாத்யாவா வர்றவங்க போலந்து நடிகை பார்பரா பிரில்ஸ்கா. ரெண்டு பேரும் அருமைதான். ஆனா நான் இந்தப் படத்த இத்தன தடவ பாக்குறதுக்குக் காரணம் அந்த மூணாவது ஆளு, இப்போலித்தா வர்ற யூரி யாக்கோவ்லெவ்.

நாம பாத்துப் பழகின காதல் படத்துல ஹீரோயினுக்கு நிச்சயம் பண்ண மாப்பிள்ளைன்னு ஒருத்தன் இருந்தான்னா அவன் கெட்டவனா இருப்பான், இல்லன்னா மண்டு, எப்படியோ அவன் தொலைஞ்சா போதும்னு நமக்குத் தோண வச்சிருப்பாங்க. இப்போலித் அப்படி எதுவும் பண்ணல. நேரத்துக்கு வர்றான், வாசனை சென்ட் வாங்கிட்டு வர்றான், நல்லா டிரஸ் பண்ணிருக்கான், வந்து பாத்தா கல்யாணம் பண்ணிக்கப் போறவ வீட்டுக் கட்டில்ல யாரோ ஒருத்தன் கெடக்குறான், யாருக்குத்தான் கோவம் வராது? கோவப்படுறான், போறான், திரும்பி வர்றான், மறுபடி போறான். கடைசில குடிச்சுட்டு வந்து ஓவர்கோட்டும் தொப்பியுமா ஷவருக்கு அடியில போய் நின்னு தண்ணியத் தொறந்து விட்டுக்கிறான். "ஆ, வெதுவெதுன்னு வருது"ன்னு சொல்றான். அங்க எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிச்சேன். ஆனா அதே மனுஷன் அதே நிலமைல, நம்ம வாழ்க்க எவ்வளவு சலிப்பா ஆயிடுச்சு, விரும்புறவளோட ஜன்னல் ஏறிக் குதிக்கிறத விட்டுட்டோம், பெரிய பெரிய நல்ல முட்டாள்தனமெல்லாம் பண்றத நிறுத்திட்டோம்னு பேசுறான். அவன் ஒழுங்கா இருந்த வரைக்கும் சொல்ல முடியாத உண்மை, எல்லாம் கைவிட்டுப் போனப்புறம் வாய்ல வருது. படத்தோட ஆழமான வசனத்தத் தோத்தவன் கைல குடுத்துருக்காங்க, இத நான் வேற எங்க பாத்தேன்னு யோசிச்சா சட்டுன்னு ஒண்ணும் ஞாபகம் வரல.

இந்த வேஷத்துக்கு முதல்ல பேசி வச்சது ஒலெக் பாசிலாஷ்விலிய. அவரோட அப்பா இறந்துட்டதால அவரால நடிக்க முடியாமப் போச்சு, அப்புறம்தான் யாக்கோவ்லெவ் வந்தார். இதுல ஒரு விஷயம். ஷென்யா கோவத்துல இப்போலித்தோட ஃபோட்டோவ ஜன்னல் வழியா வீசிடுவான், நாத்யா கீழ போய் பனியிலேர்ந்து எடுப்பா. அந்த ஷாட்ட முன்னாடியே எடுத்துட்டாங்க, ஆள் மாறினப்புறம் திரும்ப எடுக்கப் பனி இல்ல. அதனால இன்னிக்கும் படத்த நிறுத்திப் பாத்தீங்கன்னா நாத்யா கைல இருக்கறது பாசிலாஷ்விலி முகம்தான். அப்பாவ இழந்த ஒரு மனுஷன் நடிக்காமப் போன வேஷத்துல அவரோட முகம் மட்டும் பனியில கெடக்குது. எனக்கு அந்த ஷாட் வரும்போதெல்லாம் என்னவோ பண்ணும்.

குரல பத்தியும் சொல்லணும். பிரில்ஸ்காவுக்கு ரஷ்ய உச்சரிப்பு போலிஷ் வாடையோட இருந்ததால வலென்தினா தலிஸினா பேசினாங்க, பாட்டெல்லாம் அல்லா புகச்சோவா. ஆக நாத்யாங்கறது மூணு பொம்பளைங்க சேந்து உண்டாக்கின ஒருத்தி. தலிஸினா அதே படத்துல நாத்யாவோட ஃப்ரெண்டாவும் வர்றாங்க, அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிற சீன்ல கண்ண மூடிக் கேட்டுப் பாருங்க, ஒரே ஆள் தனக்குத்தானே பேசிக்கிற மாதிரி இருக்கும்.

அடுத்து 'ஆபீஸ் காதல்', 1977. அதே ரியஸானோவ், அதே மியாக்கோவ். இந்தத் தடவ அவர் நோவோசெல்ட்சேவ், புள்ளிவிவர ஆபீஸ்ல வேலை பாக்குற சாதாரண ஊழியர், பொண்டாட்டி விட்டுட்டுப் போய் ரெண்டு பசங்கள வளக்குறார், பிரமோஷன் வேணும். கூடப் படிச்சவன் ஒருத்தன் அதே ஆபீசுக்குப் பெரிய அதிகாரியா வந்து, மேலதிகாரியம்மாகிட்ட கொஞ்சம் வழிஞ்சு பாரேன்னு யோசனை சொல்றான். அந்த மேலதிகாரி கலுகினா, ஆபீஸே அவங்களுக்கு 'மீம்ரா'ன்னு பட்டப்பேர் வச்சிருக்கு. சிடுமூஞ்சி, அழகில்லாதவங்கறதெல்லாம் சேந்த ஒரு வார்த்தைன்னு அக்கா சொன்னா.

கலுகினாவா நடிச்ச அலிசா ஃப்ரெய்ண்ட்லிக் லெனின்கிராட்காரங்க, சின்னப் பொண்ணா இருக்கும்போது ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க போட்ட முற்றுகைல அந்த ஊர்லயே இருந்து பிழைச்சவங்க, மேடை நாடகத்துல பேர் வாங்கினவங்க. மேக்கப்ப மாத்தினா அழகாயிடுவாங்கன்னு சாதாரணமா ஒரு படம் முடிச்சுக்கும், இந்தப் படத்துலயும் புது டிரஸ், புது ஹேர்ஸ்டைல் எல்லாம் உண்டு, ஆனா அவங்க அதுக்கு முன்னாடியே மாறிட்டாங்க. எனக்கு கல் நெஞ்சுன்னு எல்லாரும் நெனக்கிறீங்களான்னு தன் ரூம்ல உக்காந்து அழுறாங்க பாருங்க, அங்கயே குரல் ஒரு படி இறங்கிடுது, தோள் இறங்கிடுது. அப்புறம் எனக்கு 36 வயசுன்னு அவங்க சொல்ல நோவோசெல்ட்சேவ் திகைச்சுப் போய் நிக்கிற இடம். ஆமா, நான் உங்களவிட சின்னவன்னு சொல்றாங்க. பாக்க எவ்வளவு தெரியுதுன்னு கேக்க, 35ன்னு அவன் அவசரமா சொல்றான், மறுபடி பொய் சொல்றீங்கன்னு கண்டுபிடிச்சுடுறாங்க. இந்த ஒரு பேச்சுல எவ்வளவு வெக்கம், எவ்வளவு ஆசை!

செக்ரட்டரி வெராவா வர்ற லியா அஹெஜாகோவா சின்ன உருவம், வர்ற ஒவ்வொரு நிமிஷமும் படம் துள்ளும். மேலதிகாரிக்கே நடக்க, நிக்க, புருவம் எடுக்க சொல்லிக் குடுக்குறது இவங்கதான். ஒரு பூட்ஸ் விலைக்கு வந்துருக்கு, எப்படி இருக்குன்னு கலுகினாகிட்ட காட்டுவா. ரொம்ப பகட்டா இருக்கு, நானா இருந்தா வாங்க மாட்டேன்னு பதில் வரும். "அப்போ நல்ல பூட்ஸ்தான், வாங்கிட வேண்டியதுதான்"னு வெரா முடிவு பண்ணிடுவா. அஹெஜாகோவா உக்ரைன் போர எதிர்த்து வெளிப்படையா பேசினவங்க, 2023ல, பல வருஷமா நடிச்ச சோவ்ரெமென்னிக்ங்கற மாஸ்கோ நாடக தியேட்டர் அவங்கள வெளிய அனுப்பிடுச்சு. 80 வயசு தாண்டி அப்படி ஒரு விலை குடுத்தவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை.

இந்தப் படத்துல செப்டம்பர் மாசத்துலயே பனி கொட்டி, பச்சை இலை மேல வெள்ளையா உக்காந்துருக்கற ஒரு காட்சி வரும். நிஜமாவே மாஸ்கோல அப்படி கொட்டுச்சு, ஓடிப் போய் எடுத்துட்டாங்க. அத ஒட்டி வர்ற 'இயற்கைல கெட்ட வானிலைன்னு ஒண்ணு கெடையாது'ங்கற பாட்டு ரியஸானோவே எழுதினது. ஆனா இசையமைப்பாளர் ஆந்த்ரேய் பெத்ரோவ்கிட்ட டைரக்டர் எழுதினதுன்னு தெரிஞ்சா தயவு தாட்சண்யம் பாப்பாரேன்னு இங்கிலீஷ் கவிஞர் வில்லியம் பிளேக் கவிதைன்னு சொல்லிக் குடுத்தாராம்.

இங்கயும் என் கண்ணு போனது கதாநாயகி பக்கம் இல்ல. ஒல்யா ரிஷோவான்னு ஒரு பாத்திரம், ஸ்வெத்லானா நெமொல்யாயெவா நடிச்சது. ஊருக்கு வெளியேர்ந்து ட்ரெயின்ல வந்து போறவ, எப்பவும் கைல பை, எப்பவும் ஓட்டம். பிரமோஷன் யோசனை சொன்ன அந்த சமோஹ்வாலோவ காலேஜ் நாள்ல காதலிச்சவ, இத்தன வருஷத்துக்கு அப்புறம் அவன் எதிர்ல வந்து நின்னதும் கல்யாணம் ஆனவங்கறதெல்லாம் மறந்து லெட்டர் எழுத ஆரம்பிக்கிறா. அவன் அந்த லெட்டர ஆபீஸ் சங்கத்து ஆள்கிட்ட ஒப்படைச்சுடுறான். ஆபீஸே பேசுது. இத காமெடிப் படத்துல வச்சிருக்காங்கன்னா பாருங்க, ஆனா ஒரு இடத்துல கூட படம் அவளப் பாத்து சிரிக்கல. கலுகினாவும் ரிஷோவாவும் கிட்டத்தட்ட ஒரே வயசுக்காரங்க, ஒருத்திக்குக் கெடைக்குது, இன்னொருத்திக்கு இல்ல, காரணம்னு எதுவும் கெடையாது. நெமொல்யாயெவாவோட அந்தப் பெரிய கண்ணு, நடுங்குற சிரிப்பு... ஏறத்தாழ 5.8 கோடி டிக்கெட் வித்த படத்துல எத்தன பேர் ரிஷோவாவாவே உக்காந்து பாத்துருப்பாங்கன்னு நான் அடிக்கடி நெனப்பேன். சமோஹ்வாலோவா நடிச்சது யாரு தெரியுமா, அந்த ஃபோட்டோவுல இருந்த பாசிலாஷ்விலிதான். அவருக்கே அஞ்சு வருஷம் கழிச்சு 'ரெண்டு பேருக்கு ஒரு ஸ்டேஷன்'ல காதலன் வேஷம் கெடைச்சது, ரயில்வே ஸ்டேஷன் ஓட்டல்ல சாப்பிடாத சூப்புக்குக் காசு கேட்டு சண்டை போடுற சர்வரா லுத்மிலா குர்ச்சென்கோ. குர்ச்சென்கோவ பத்தி மட்டும் தனியா ஒரு பதிவு எழுதணும், இதுல அடங்காது.

1981ல ஆஸ்கர் வாங்கின 'மாஸ்கோ கண்ணீர நம்பாது' படத்த எல்லாரும் சொல்வாங்க, விளாதிமிர் மென்ஷோவ் எடுத்தது, அவரோட மனைவி வேரா அலென்தோவாதான் கதாநாயகி காத்யா. ராத்திரி அழுதுட்டே அலாரம் வைப்பா, அலாரம் அடிக்கும்போது இருபது வருஷம் ஓடிருக்கும், அந்த ஒரு வெட்டுக்காகவே படத்த எத்தன தடவ வேணாலும் பாக்கலாம். ஆனா காத்யா காதலிக்கிற கோஷா பாத்திரத்தோட எனக்கு சண்டை இருக்கு. அலெக்ஸெய் பத்தாலோவ் எவ்வளவு இதமா நடிச்சாலும், காத்யா தன்னவிட பெரிய பதவில இருக்கான்னு தெரிஞ்சதும் சொல்லாம கொள்ளாம போய் குடிச்சுட்டு உக்காந்துடுற ஆள, எட்டு நாள் கழிச்சு திரும்பக் கூட்டிட்டு வந்து சூப் ஊத்திக் குடுக்குறத என்னால இன்னும் ஏத்துக்க முடியல. அக்காவுக்கு கோஷான்னா உயிர், இந்த விஷயத்துல மட்டும் எங்களுக்குள்ள ஒத்தே போகாது. எனக்கு அதுல இரினா முராவியோவாவத்தான் பிடிக்கும், பெரிய இடத்து மாப்பிள்ளையத் தேடித் தேடி கடைசில தனியா நிக்கிற லுத்மிலா. நாப்பது வயசுலயும் தேடுறத விடாம இருக்கா, அந்தத் துணிச்சல முராவியோவா அவ்வளவு உற்சாகமா செஞ்சிருப்பாங்க.

புதுசா வந்ததுல 2006ல வந்த 'பீட்டர் எஃப்எம்' பாருங்க, ரேடியோவுல வேலை பாக்குற பொண்ணு தொலைச்ச செல்ஃபோன ஒரு ஆர்க்கிடெக்ட் எடுக்குறான், படம் பூரா ஃபோன்லயே பேசிக்கிறாங்க, பீட்டர்ஸ்பர்க் ஊரு மூணாவது ஆளா கூடவே வரும். 'ஆபீஸ் காதல்' 2011ல திரும்ப எடுத்தாங்க, ஸ்வெத்லானா ஹொத்சென்கோவாவும் வொலொதிமிர் ஸெலென்ஸ்கியும், ஆமா, பின்னால உக்ரைன் ஜனாதிபதியான அவரேதான். எனக்கு அது ஒட்டல. 2007ல 'விதியின் விளையாட்டு' ரெண்டாம் பாகம் எடுத்து, நாத்யா கடைசில இப்போலித்தையே கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு கதைய மாத்திட்டாங்க. பாத்ததோட சரி, திரும்பத் தொடல.

போன டிசம்பர்ல அக்காகிட்ட கேட்டேன், எல்லா வருஷமும் ஏன் இதையே பாக்குறன்னு. ஹாஸ்டல்ல கமெந்தாந்த்னு சொல்ற பொறுப்பாளர் பாட்டியம்மா ஒருத்தங்க இருந்தாங்களாம், ஊருக்குப் போகாத பிள்ளைங்க எல்லாத்தையும் 31ஆம் தேதி தன் ரூமுக்குக் கூப்பிட்டு இந்தப் படத்தப் போடுவாங்களாம். பசங்க எல்லாம் அரட்டை அடிச்சுட்டே பாப்பாங்களாம், அந்தம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம். இப்போலித் கோட்டோட ஷவர் கீழ போய் நிக்கும்போது மட்டும் கைய உயர்த்தி எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிட்டு, அந்த "வெதுவெதுன்னு வருது"வ அவரோட சேந்து மெதுவா சொல்லுவாங்களாம்.