சிஎக்ஸ்எல் மெமரி கார்டு போடப் போறீங்களா? இதப் படிச்சுட்டுப் போங்க

எங்க டேட்டாபேஸ் சர்வர்ல லோடு ஏறினாலே லேட்டன்சி (பதில் வர்ற தாமதம்) எகிறும், சரி சிஎக்ஸ்எல் கார்டு (பிசிஐஇ ஸ்லாட் வழியா சர்வருக்கு கூடுதல் மெமரி குடுக்குற கார்டு) ரெண்டு போட்டு டேட்டாவ ராமுக்கும் கார்டுக்கும் பிரிச்சு விடலாம்னு முடிவாச்சு. பர்ச்சேஸ், அப்ரூவல் எல்லாம் ஆச்சரியமா சீக்கிரமே முடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது கூத்து.

மொதல்ல டேட்டா சென்டர் கேட். நான் இருக்கறது பெங்களூர் பிடிஎம் பக்கம், சர்வர் இருக்கறது ஒயிட்ஃபீல்டுல, காலைல சில்க் போர்டு டிராஃபிக்க தாண்டி கார்ட மடியிலயே வெச்சுக்கிட்டு போனா, செக்யூரிட்டி கவர்ல இருந்த சீரியல் நம்பர பாக்குறார், அனுமதி மெயில பாக்குறார், "ஆகல்ல சார், பேரெ மெயில் பேக்கு" (ஆகாது சார், வேற மெயில் வேணும்)ன்னுட்டார். மெயில்ல போட்டிருந்தது டப்பா மேல இருக்குற நம்பர், கார்டுல ஒட்டியிருந்தது வேற நம்பர். டப்பாவ தூக்கிப்போட்டது ஸ்டோர்ஸ்காரங்க. அவ்ளோதான், அப்படியே திரும்பி வந்தேன். தயவுசெஞ்சு கெளம்புறதுக்கு முன்னாடி கார்டு மேல இருக்குற நம்பரையே போட்டோ எடுத்து அந்த மெயில்ல அட்டாச் பண்ணிடுங்க.

அடுத்த தடவ கார்டு உள்ள போயிடுச்சு, சர்வரும் பூட் ஆச்சு, ஆனா மெமரி அளவு காட்டுற ஃப்ரீ கமாண்ட் அடிச்சா பழைய மெமரி சைஸே காட்டுது. லேப் சப்போர்ட்ல டிக்கெட் போட்டா "கார்டு டெட், ரிப்ளேஸ்மெண்டுக்கு அனுப்புங்க"ன்னு ஒரே வரி, டிக்கெட் க்ளோஸ். ஒரு லாக் கூட கேக்கல! நல்லவேளை, ஓசூர்லேந்து தெனம் பஸ்ல வர்ற எங்க சீனியர் அண்ணன் கேட்டார், "தம்பி, ஐஓமெம் ஃபைல பாத்தியா, சாஃப்ட் ரிசர்வ்ட்னு எதாச்சும் இருக்கா?" அது எந்த மெமரி எதுக்கு ஒதுக்கியிருக்குன்னு கெர்னல் காட்டுற லிஸ்ட். பாத்தா கும்முனு இருக்கு. பயாஸ்ல ஸ்பெஷல் பர்ப்பஸ் மெமரின்னு ஒரு செட்டிங் ஆன்ல இருந்தா கெர்னல் அந்த மெமரிய பொது உபயோகத்துக்கு விடாது, டாக்ஸ் டிவைஸா, அதாவது கேக்குற ப்ரோக்ராமுக்கு மட்டும் குடுக்குற தனி டிவைஸா, ஒதுக்கி வெச்சிடும். டாக்ஸ்சிடிஎல் கமாண்ட் வெச்சு சிஸ்டம் ராம் மோடுக்கு மாத்தினதும் சிபியு இல்லாத நியூமா நோடா (கெர்னல் தனியா கணக்கு வெக்கிற மெமரி பகுதி) ரெண்டு கார்டும் வந்து நின்னுச்சு. அந்த அவுட்புட்ட அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து க்ளோஸ் பண்ண டிக்கெட்லயே ரிப்ளை போட்டேன், ஒரு சின்ன சந்தோஷம்.

இப்ப பேலன்ஸ் பண்ற கதை. நெறைய பேர் ராம் ஒண்ணு, கார்டு ரெண்டுன்னு மூணு நோடுக்கும் சமமா இன்டர்லீவ் பண்ணிட்டு (பேஜ் பேஜா மாத்தி மாத்திப் பிரிச்சுட்டு) "சிஎக்ஸ்எல் வேஸ்ட்"னு போயிடுறாங்க. கணக்கு பாருங்க. டிடிஆர்5-4800ல ஒரு சேனலுக்கு செகண்டுக்கு 38.4 ஜிபி, 8 சேனல்னா 307 ஜிபி. பிசிஐஇ ஜென்5ல எட்டு லேன் கார்டு ஒரு திசைக்கு சுமார் 32 ஜிபிதான். சமமா பிரிச்சா மூணுல ஒரு பங்கு ஒவ்வொரு கார்டுக்கும் போகும், கார்டு 32ல முட்டிக்கும், அப்ப மொத்த ரீடும் 96 கிட்ட நின்னுடும், ராம் பத்துல ஒம்பது பங்கு சும்மா ஒக்காந்திருக்கும். ரேஷன் கடைல ஒரே கவுண்டர்ல மொத்தக் கூட்டமும் நிக்குற மாதிரி.

சும்மா இருக்கும்போது கார்டு ராம விட ரெண்டு மடங்குக்கு மேல ஸ்லோதான், அதுல மாத்துக்கருத்து இல்ல. ஆனா ராம் சேனல் நெரம்ப நெரம்ப க்யூ கட்டி ராமோட லேட்டன்சியே பல மடங்கு ஏறிடுது. அந்த நேரத்துல கொஞ்சம் பேஜ கார்டுக்கு தள்ளி விட்டா ராமுக்கு மூச்சு விட எடம் கெடைக்குது. இதுக்குத்தான் லினக்ஸ் 6.9ல வெயிட்டட் இன்டர்லீவ் வந்துச்சு, அதாவது ஒவ்வொரு நோடுக்கும் எவ்ளோ பங்குன்னு நாமளே சொல்லலாம். நாங்க ராமுக்கு 10, கார்டுக்கு ஒவ்வொண்ணுன்னு 10:1:1ல ஆரம்பிச்சு, இன்டெலோட மெமரி லேட்டன்சி செக்கர்ல லோடு ஏத்தி ஏத்தி பாத்து அப்புறம் மாத்தினோம். உங்க லோடு பேண்ட்வித்துல (செகண்டுக்கு எவ்ளோ டேட்டா போகும்ங்கறதுல) முட்டாம வெறும் மெமரி சைஸ் பத்தாமதான் திணறுதுன்னா இது வேணாம், லினக்ஸ் 5.18ல வந்த டியரிங் மோடோட டிமோஷன் செட்டிங்கையும் ஆன் பண்ணா போதும், சூடான (அடிக்கடி தொடுற) பேஜ் ராமுக்கும் ஆறின பேஜ் கார்டுக்கும் தானா போகும்.

இங்க மூணு எடத்துல கடி வாங்குவீங்க. 6.9ல வெயிட்ட நீங்களா எழுதலன்னா எல்லா நோடுக்கும் டிஃபால்ட் 1, அதாவது திரும்பவும் சமப்பங்குதான், பேரு மட்டும் வெயிட்டட். அடுத்தது, வெயிட்ட மாத்தினா ஏற்கனவே ஒதுக்கின பேஜ் எடம் மாறாது, புதுசா தொடுற பேஜுக்குத்தான் அந்த கணக்கு, அதனால டேட்டாபேஸ ரீஸ்டார்ட் பண்ணிட்டு நியூமாஸ்டாட்ல ப்ராசஸ் நம்பர் குடுத்து எந்த நோடுல எவ்ளோ இருக்குன்னு பாக்காம கிராஃப நம்பாதீங்க. மூணாவது டாக்கர். கன்டெய்னருக்குள்ள நியூமாசிடிஎல் (எந்த நோடுல மெமரி எடுக்கணும்னு சொல்ற கமாண்ட்) அடிச்சா பர்மிஷன் இல்லன்னு மூஞ்சில அடிக்கும், ரூட்டா இருந்தாலும்தான், ஏன்னா டாக்கரோட டிஃபால்ட் செக்காம்ப் (கெர்னல்கிட்ட எதெல்லாம் கேக்கலாம்னு வடிகட்டுற பாதுகாப்பு) அதுக்கு வேண்டிய சிஸ்டம் கால தடுத்து வெச்சிருக்கு. சிஸ் நைஸ் கேபபிலிட்டி குடுத்தா போதும், யாராச்சும் ப்ரிவிலேஜ்டு மோடுல ஓட்டுன்னு சொன்னா கேக்காதீங்க.

ரெண்டு சிபியு சாக்கெட் இருக்குற சர்வர்னா கார்டு எந்த சாக்கெட் பக்கம் சொருகியிருக்கோ அங்கயே ப்ராசஸையும் கட்டிப்போடுங்க, இல்லன்னா சாக்கெட் தாண்டிப் போற தூரமும் சேந்துக்கும். அப்புறம் வெயிட் எல்லாம் ரீபூட் ஆனா போயிடும், சிஸ்டம்டி யூனிட்ல டேட்டாபேஸுக்கு முன்னாடி ஓடுற மாதிரி போட்டு வெச்சிடுங்க, இல்லன்னா பேட்ச் போடுற ராத்திரி உங்களுக்குத்தான் போன் வரும்.