குடம் தூக்க முன்னம் ஒரு இறுக்கு

கிணற்றடியில் நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிற கணத்தில்தான் பலருக்குச் சலம் (சிறுநீர்) சிந்தும். வயிற்றுக்குள் அழுத்தம் ஏறிச் சலப்பையை மேலிருந்து அமுக்குகிறது. கீழேயிருந்து தாங்கவேண்டிய இடுப்புத்தளத் தசை பிந்திவிடுகிறது. முன்னால் பூப்பெலும்பு தொடக்கம் பின்னால் வாலெலும்பு வரை ஏணை மாதிரித் தொங்குகிற தசை அது. பிள்ளைப்பேறு, நாட்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது எல்லாம் அதைத் தளர்த்தும். சிசேரியன் என்றால் தப்பலாம் என்பது முழுக்கச் சரியில்லை, சுமந்த பாரமும் அதன்மேல்தானே.

முதலில் தசையைப் பிடிக்கப் பழகுங்கள். பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடியுங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோலப் பின்பக்கத்தையும், சலத்தை மறிப்பதுபோல முன்பக்கத்தையும் ஒன்றாக உள்ளே, மேலே இழுங்கள். மூச்சு வழமைபோல ஓடவேண்டும். பிட்டமும் தொடையும் இறுகினால் வேறு தசைதான் வேலை செய்கிறது. ஒருதரம் கண்ணாடி வைத்துப் பாருங்கள்: அடிப்பகுதி உள்ளே போனால் சரி. வெளியே தள்ளினால் நீங்கள் முக்குகிறீர்கள். அது இருக்கிற சிக்கலைக் கூட்டும். ஆண்களுக்கு ஆணுறுப்பின் அடி உள்ளிழுபட்டு விதைகள் சற்று மேலேறும்.

தொடக்கத்தில் 3 விநாடி பிடித்தாலே போதும். விடும்போது முழுதாக விட்டு, பிடித்த நேரமளவாவது ஓய்வு கொடுங்கள். விடத் தெரியாமல் இறுக்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு வலிதான் மிஞ்சும். ஒரு தடவைக்கு 8 இறுக்கு, நாளுக்கு 3 தடவை. மெல்ல மெல்ல 10 விநாடிக்குக் கொண்டுவாருங்கள். கடைசியில் சட்டுச் சட்டென்று சில இறுக்கு. குறைந்தது 3 மாதம் செய்யவேண்டும். இரண்டு கிழமையில் பலனில்லை என்று விட்டவர்கள்தான் அதிகம். சலம் போகும்போது இடையில் மறித்து மறித்துப் பயிற்சி செய்வது கூடாது, சலப்பை முழுதாகக் காலியாகாமற் போகலாம்.

தசை பலமாகுமுன்பே உதவுகிற ஒரு உத்தி இருக்கிறது. தும்மல், இருமல், குடம், நெல்மூட்டை எதுவானாலும், அதற்கு ஒரு விநாடி முன்னம் இறுக்கி, முடியும்வரை பிடியுங்கள். மூச்சை அடக்காமல், வெளியே விட்டபடி தூக்குங்கள்.

கதவைத் திறக்குமுன்பே போய்விடும்போலச் சலம் அவசரமாக முட்டுவது வேறு வகை. அதற்கு ஓடவே கூடாது. நின்று அல்லது இருந்து, ஐந்தாறு தரம் விரைவாக இறுக்குங்கள். முட்டு தணிந்ததும் நடந்து போங்கள். மூன்று நாளைக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு சலம் போனது, என்ன குடித்தது என்று கொப்பியில் எழுதுங்கள். அளவுக் கோப்பை ஒன்று போதும். சலம் கழிக்கிற இடைவெளி இரண்டு மணித்தியாலம் என்றால், அதைக் கிழமைக்குக் கிழமை 15 நிமிடம் கூட்டிக்கொண்டு போகலாம். தேத்தண்ணியைக் குறைத்துப் பாருங்கள்.

தண்ணியைக் குறைக்காதீர்கள். கச்சான் பிடுங்க, வயலுக்குப் போகிறவர்கள் அங்கே மலசலகூடம் இல்லையென்று காலையிலிருந்து குடிப்பதில்லை. சலம் தடித்துச் சலப்பையை உறுத்தும், மலமும் இறுகும். சிறுநீரக நோய் பரவலாக இருக்கிற வவுனியாப் பக்கத்தில், இந்த வெயிலில் இது விளையாட்டுமில்லை.

எரிவு, காய்ச்சல், சலத்தில் இரத்தம் என்றால் பயிற்சிக்கு முன்னம் வைத்தியரிடம் போங்கள். திடீரென்று சலம் போகாமல் நின்றாலோ, நாரி வலியோடு அடிப்பகுதி விறைத்தாலோ அன்றைக்கே போகவேண்டும். மற்றவர்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளை பார்க்க வீட்டுக்கு வருகிற அவரிடம் கேட்க வெட்கமில்லை. கிளினிக் மூலம் பிசியோதெரபிக்குக் கடிதம் எடுக்கலாம்.

யுத்தத்தில் முள்ளந்தண்டு காயப்பட்டவர்களுக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அங்கே அறுந்தது நரம்பு வழி. குழாய் விட்டுச் சலம் எடுக்கிறவர்கள், பயிற்சி தொடங்கிவிட்டோம் என்று அதை நிறுத்தக்கூடாது. பெரும்பாலும் 4 தொடக்கம் 6 மணித்தியாலத்துக்கு ஒருதரம், ஒரு தடவையில் 500 மில்லிலீற்றரைத் தாண்டவிடாமல் எடுப்பார்கள். தாண்டித் தேங்கினால் அழுத்தம் சிறுநீரகத்துக்குத் திரும்பும். உங்களுக்குரிய இடைவெளியை வைத்தியரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.