ஆடாத சலோமே

எங்கள் பக்கத்து வேதாகம வினாவிடைப் போட்டிகளில் தவறாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு: ஏரோது ராஜாவுக்கு முன்னால் ஆடி, யோவான் ஸ்நானனின் தலையைத் தட்டில் வைத்துத் தரும்படி கேட்ட பெண் யார்? பிள்ளைகள் மணியடித்த மாதிரி "சலோமே" என்பார்கள். இந்தத் தடவை என் சண்டே ஸ்கூல் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "ஏரோதியாளின் குமாரத்தி. பேர் போடலையே" என்றாள். நடுவர் தப்பு என்று போட்டுவிட்டார்.

அவள் சொன்னதுதான் சரி. ஆடின பெண்ணின் பேரை மாற்கும் சொல்லவில்லை, மத்தேயுவும் சொல்லவில்லை. ஏரோதியாளின் மகள் பேர் சலோமே என்று எழுதிவைத்தவர் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். அவரோ நடனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டையும் சேர்த்துத் தைத்தது பின்னால் வந்தவர்கள். ஓவியமும் நாடகமும் சினிமாவும் வந்து அந்தத் தையலை இன்னும் இறுக்கிவிட்டன.

சுவிசேஷங்களில் சலோமே என்று பேர் சொல்லி வருகிறவள் வேறொருத்தி. கலிலேயாவிலிருந்து இயேசுவின் பின்னால் வந்து ஊழியம் செய்தவள். மாற்கு 15:40-ல் சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். 16:1-ல் சுகந்தவர்க்கம் வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போகிறாள். அவ்வளவுதான். எங்கள் ஆச்சிக்கு இந்தப் பேர்தான். "ஆடினவ பேரைப் போயி வச்சிருக்காங்க" என்று ஊரில் கேலி பண்ணுவார்களாம். அதனாலேயே இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வேகம் கூடுதல். செமினரியில் படிக்கிற சித்தி மகன் அனுப்பிய பிடிஎஃப்களைச் சமையல் முடிந்த ராத்திரிகளில் வாசிக்க ஆரம்பித்தேன்.

முதலில் என்னை நிறுத்தியது மாற்குவின் சிக்கனம். அந்தக் காலத்து யூதேயாவில் பெண்களுக்கு மரியாள், சலோமே இரண்டும்தான் அதிகம் வைத்த பேர்கள். அரசி சலோமே அலெக்சாந்திரா கி.மு. 76 முதல் 67 வரை ஆண்டிருக்கிறாள். இறந்தவர்களின் எலும்பைச் சேர்த்துவைத்த பெட்டிகளில் திரும்பத் திரும்பச் செதுக்கியிருக்கிற பேர் அது. அதனால்தான் மரியாள்களைச் சொல்லும்போது மாற்கு பிரித்துச் சொல்கிறார்: ஒருத்தி மகதலேனா ஊர்க்காரி, இன்னொருத்தி சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாய். சலோமேக்கு மட்டும் ஊரும் இல்லை, உறவும் இல்லை. வெறும் சலோமே. தெருவுக்கு நாலு சலோமே இருந்த காலத்தில் இப்படி எழுதினால், வாசித்தவர்களுக்கு "நம்ம சலோமே" என்று உடனே விளங்கியிருக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் படுகிறது.

பிரசங்கங்களில் கேட்பது வேறு: சலோமே செபெதேயுவின் மனைவி, யாக்கோபு யோவானின் தாய். எங்கிருந்து வந்தது? சிலுவையருகே மாற்கு சலோமேயைச் சொல்கிற இடத்தில் மத்தேயு 27:56 செபெதேயுவின் குமாரருடைய தாயைச் சொல்கிறது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து, இவள்தான் அவள் என்று கோடு போட்டுவிட்டார்கள். யோவான் 19:25-ல் வருகிற இயேசுவுடைய தாயின் சகோதரியையும் அதோடு சேர்த்து, அவளை இயேசுவுக்குச் சித்தி ஆக்கினவர்களும் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. யாரும் அதிகம் அறியாத யோசேயின் பேரைச் சொல்லிக்கூட ஒரு தாயை அடையாளம் காட்டுகிற மாற்கு, பன்னிருவரில் முன்வரிசையில் நிற்கிற யாக்கோபு யோவானின் தாய் என்றால் அதைச் சொல்லாமல் விடுவாரா? அங்கே நின்ற பெண்கள் பலர். ஆளுக்கொரு பட்டியல் எழுதினார்கள் என்பதே போதும்.

இரண்டாம் நூற்றாண்டுக்குப் போனால் இந்தக் கோடு இன்னும் தள்ளாடுகிறது. வேதாகமத்தில் சேராத எகிப்தியர் சுவிசேஷம் என்று ஒன்று இருந்தது. முழு நூல் இன்று இல்லை. சபை ஆசிரியர் அலெக்சாந்திரியா கிளமெந்து கி.பி. 200-ஐ ஒட்டி எழுதியதில் சில துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. அதில் சலோமே இயேசுவிடம் கேட்கிறாள்: மரணம் எதுவரைக்கும் அதிகாரம் செலுத்தும்? பெண்களாகிய நீங்கள் பிள்ளை பெறும்வரைக்கும் என்று பதில் வருகிறது. உடனே அவள், "அப்படியானால் நான் பெறாமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று" என்கிறாள். அதற்குக் கர்த்தர், எல்லாப் பூண்டையும் சாப்பிடு, கசப்புள்ளதை மட்டும் சாப்பிடாதே என்கிறார். கல்யாணமே வேண்டாம் என்றவர்கள் முதல் பாதியைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். பின்பாதியை ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று கிளமெந்து அவர்களோடு மல்லுக்கு நிற்கிறார். அந்தச் சண்டை ஒரு பக்கம் கிடக்கட்டும். இந்தச் சலோமேக்குப் பிள்ளையே இல்லை. செபெதேயுவின் மனைவியாக அவளை அறியாத சபைகளும் இருந்திருக்கின்றன.

1945-ல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த, இதுவும் வேதாகமத்தில் இல்லாத தோமா சுவிசேஷத்தில், 61-ஆம் வசனத்தில், அவள் இன்னும் துணிச்சல். படுக்கையில் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவன் சாவான், ஒருவன் பிழைப்பான் என்று இயேசு சொல்கிறார். "மனுஷனே, நீர் யார்? என் மஞ்சத்தில் ஏறி என் பந்தியில் சாப்பிட்டீரே" என்று கேட்டுவிடுகிறாள். சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. மஞ்சம் அவளுடையது, சாப்பாடும் அவளுடையது. பேச்சு இரண்டு அடி போனதும், "நான் உம்முடைய சீஷி" என்கிறாள். புதிய ஏற்பாட்டில் சீஷி என்று பேர் வாங்கினவள் யோப்பாவின் தபீத்தாள் ஒருத்திதான். அதுவும் மற்றவர்கள் சொல்லி. இங்கே அவளே தன் வாயால் சொல்கிறாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பிஸ்டிஸ் சோபியா என்ற பழைய ஞானவாத நூலில் வருகிற காட்சி. உண்மையைச் சொன்னால் அது லேசில் நகராது. கேள்வியும் விளக்கமுமாக நீள்கிறது, பெரும்பாலும் கேட்பவள் மகதலேனா மரியாள். ஓர் இடத்தில் சலோமேக்குச் சந்தேகம்: தாய் தகப்பனை விட்டு வரச் சொல்கிறீரே, மோசேயின் சட்டம் அப்படி விடுகிறவன் சாக வேண்டும் என்கிறதே? நான் சொல்லட்டுமா என்று மரியாள் அனுமதி கேட்டு, தாவிப்போய்ச் சலோமேயைக் கட்டிக்கொண்டு விளக்குகிறாள். பக்கம் பக்கமான உபதேசத்துக்கு நடுவே இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நியாயப்பிரமாணம் பேசுகிறார்கள்! இதெல்லாம் இயேசுவின் காலத்தில் நடந்த செய்தி என்று நான் சொல்ல வரவில்லை. கேள்வி கேட்கிறவள் என்றால் சலோமே ஞாபகத்துக்கு வந்திருக்கிறாள் என்பதுதான் எனக்கு முக்கியம். கிறிஸ்தவர்களை எதிர்த்து எழுதின செல்சஸ், சலோமே பேரைச் சொல்லிக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு என்கிறார். பதில் எழுதிய ஓரிஜன் அப்படி யாரையும் தான் பார்த்ததில்லை என்கிறார்.

ஆராய்ச்சியாளர் மார்ட்டன் ஸ்மித் 1958-ல் எருசலேம் பக்கத்து மார் சாபா மடத்தில் கண்டதாகச் சொன்ன, கிளமெந்து பேரில் உள்ள கடிதத்திலும் அவள் பேர் வருகிறது. கையெழுத்துப் படி இப்போது எங்கே என்று தெரியவில்லை, போட்டோக்கள்தான் இருக்கின்றன. போலியா மெய்யா என்ற வழக்கு முடிகிற மாதிரி தெரியவில்லை. அதன்மேல் நான் எதையும் கட்டமாட்டேன்.

கிறிஸ்துமஸ் கதையிலும் ஒரு சலோமே உண்டு. யாக்கோபின் பேரில் வழங்குகிற பழைய பிறப்புக்கதையில், கன்னி பெற்றாள் என்பதை நம்பாமல், தொட்டுச் சோதித்தால்தான் நம்புவேன் என்று கையை நீட்டுகிறாள். கை எரிந்து விழுகிற மாதிரி ஆகிறது. பிள்ளையைத் தூக்கின பிறகு குணமாகிறது. இத்தாலியின் ராவென்னாவில் இருக்கிற பேராயர் மாக்சிமியனின் தந்தச் சிம்மாசனத்தில், அந்தக் கையைத் தூக்கிக் காட்டுகிறவளாக அவளைச் செதுக்கியிருக்கிறார்கள். சீஷியும் இவளும் ஒருத்திதானா? புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் ரிச்சர்ட் பாக்காம் இரண்டு சலோமேக்கள் என்று பிரிக்கிறார், எனக்கும் அதுதான் சரி. இஸ்ரேலில் லாகீஸ் பக்கம் ஒரு பழைய யூதக் கல்லறைக் குகையில், பிற்காலத்து யாத்திரிகர்கள் பரிசுத்த சலோமே பேரைச் சுவரில் எழுதி, விளக்கேற்றி ஜெபித்திருக்கிறார்கள். 2022 டிசம்பரில் அதன் முற்றத்தைத் தோண்டிய செய்தி வந்தபோது பத்திரிகைகள் "இயேசுவின் மருத்துவச்சி" என்று தலைப்புப் போட்டன. அந்தக் கதையை எடுத்து வாசித்துப் பாருங்கள். மருத்துவச்சி வேறொரு பெண், அவளுக்குப் பேரே இல்லை. குகையை விட்டு வெளியே வந்து சலோமேயிடம் செய்தி சொல்கிறவளே அவள்தான்.